பின்னாலேயே போன வண்டி

பள்ளி வாசலில் மூன்றரை மணிக்கு என்னோடு நிற்கிற அம்மாக்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நேரில் சொன்னால் என் குரல் உயர்ந்துவிடும். பக்கத்தில் பிள்ளைகள் இருப்பார்கள். எழுதினால் திருத்திக்கொள்ளலாம் என்பதால் எழுதுகிறேன். நீங்களும் என் வயதுக்காரிகள்தான். நாம் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு குடும்பத்துக்கு ஒரு கேமரா போன் இருந்தால் அதிகம். அதுவும் யாராவது ஒரு மாமாவின் சட்டைப் பையில் இருக்கும். நாம் அதைத் தொட்டால் ஏன் தொட்டாய் என்று கேட்பார்கள். இதெல்லாம் உங்களுக்கும் நினைவிருக்கும்.

இந்த ஆயுத பூஜையன்று என் அப்பா ஒரு வார்த்தை சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் காபி குடித்தார். எனக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்த வார்த்தையை மட்டும் சொன்னால் நீங்களும் என் கணவரைப் போல "இதுக்குப் போயா?" என்பீர்கள். அதனால் நான் ஒன்பதாவது படித்த வருஷத்துத் தசராவிலிருந்து தொடங்குகிறேன்.

அப்போது மைசூரில் அக்ரஹாரம் என்கிற பேட்டையில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கொள்ளேகாலைத் தாண்டி ராமாபுரம் பக்கம் ஊர். மைசூருக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷினில் வேலை செய்தார். வீட்டுக்குள் கொள்ளேகால் பக்கத்துத் தமிழ். படியிறங்கினால் கன்னடம். அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, இன்ஜினியரிங் முடித்துப் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கல்லூரிப் பிராஜெக்டில் மிஞ்சிய சாமான்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எங்கள் வீட்டுப் பரணில் தள்ளிவிட்டுப் போயிருந்தார். "எடுத்துக்க பாப்பா, எதுக்கும் ஆகாது" என்று அவர் சொன்னதை நான் வரமாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் அறிவியல் மிஸ் ஒரு பழைய பத்திரிகையிலிருந்து சர்க்யூட் படம் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். கோடை லீவு முழுக்க அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஈயம் உருகும்போது ஒரு புகை வரும், குங்கிலியம் போட்டது போல மணக்கும். இன்றைக்கும் அந்த மணம் வந்தால் எனக்குப் பதினான்கு வயது ஆகிவிடுகிறது. விரல் நுனியில் சுட்டுக்கொண்டேன். "நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க கையப் பாப்பாங்கடி" என்றாள் அம்மா. சுட்ட இடத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே சொன்னாள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கமாக எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

வண்டியின் உடம்பு ஒரு பச்சை நிறச் சோப்புப் பெட்டி. இரண்டு ஜாம் பாட்டில் மூடிகள் சக்கரமாயின. வழுக்காமல் இருக்க அவற்றின் மேல் சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டி மாட்டியிருந்தேன். அடியில் மூன்றாவது காலாக அம்மாவின் அறுந்த மாலையிலிருந்து ஒரு பெரிய கண்ணாடி மணி. நீல நிறம், உள்ளே வெள்ளைச் சுழி. அது தரையில் உருளும்போது மெல்லிய ஒரு கீச்சொலி வரும். அந்த மணியைப் போல ஒன்றை அப்புறம் எங்கேயும் நான் பார்க்கவில்லை.

முன்பக்கம் இரண்டு சென்சார்கள். இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், கதையே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சென்சாரிலும் துவரம்பருப்பைவிடச் சற்றுப் பெரிய இரண்டு குமிழ்கள் ஒட்டி ஒட்டி இருக்கும். ஒன்று தெளிவாக இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அது முன்னால் வீசும். இன்னொன்று கருப்பு. எதிரே இருக்கும் பொருளில் பட்டுத் திரும்புகிற ஒளியை அது வாங்கிக்கொள்ளும். ஒளி திரும்பி வந்தால் எதிரே சுவரோ காலோ இருக்கிறது என்று பொருள். உடனே ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு எரியும், வண்டி அந்தப் பக்கம் போகாமல் விலகும். இரண்டு சென்சாருக்கும் எதிரே ஏதாவது இருந்தால் இரண்டு விளக்கும் எரியும், வண்டி நேராகப் பின்வாங்கும். அவ்வளவுதான். கட்டில் கால், அம்மாவின் கால், அரிசி டப்பா எதிலும் முட்டாமல் வீடு முழுக்கச் சுற்றும்.

தசரா லீவு முடிந்து பள்ளி திறந்ததும் கண்காட்சி வைத்திருந்தார்கள். அதில் தேறும் ஒன்றைத்தான் பெங்களூரில் நடக்கும் போட்டிக்கு அனுப்புவோம் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். ஒரே இடம். நான் அப்பாவிடம் கேட்டேன். அப்பா யோசித்து, நியாயமாகத்தான் பேசினார்.

"பெங்களூருக்கு அனுப்பற அளவுக்கு நீ செஞ்சு காட்டினா, பியூசில சயின்ஸே எடுத்துக்க. இல்லீன்னா பேச்சில்ல, காமர்ஸு. ஆயித்தா?"

"ஆயித்துப்பா, சரி" என்றேன். அந்தச் சோப்புப் பெட்டி ஓடினால் பத்தாவதுக்கு அப்புறம் சயின்ஸ், ஓடாவிட்டால் காமர்ஸ். ஒப்பந்தம் எனக்குப் பிடித்திருந்தது. வண்டிதான் ஓடிக்கொண்டிருந்ததே.

ஆயுத பூஜை அப்பாவுக்குப் பொங்கலைவிட, தீபாவளியைவிடப் பெரியது. முதல் நாள் தொழிற்சாலையில் அவருடைய லேத்துக்குப் பூஜை. பொரியும் இனிப்பும் கொண்ட பையோடு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வருவார். மறுநாள் வீட்டில். ஸ்கூட்டர், ஸ்பேனர் செட், அம்மாவின் தையல் மெஷின், மிக்ஸி, அரிவாள்மனை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அலமாரிச் சாமி படங்களுக்கு முன்னால் வைப்பார். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை எதையும் தொடக் கூடாது. தேங்காய்கூட முன்னாலேயே துருவி வைத்துவிட வேண்டும்.

அந்த வருஷம் எல்லாவற்றுக்கும் நடுவில், ஸ்கூட்டர் சாவிக்குப் பக்கத்தில், அப்பா என் சோப்புப் பெட்டியை எடுத்து வைத்தார்.

"இதுவும் மெஷின்தானே. எம் பொண்ணு செஞ்ச மெஷினு" என்றார், தசராவுக்கு வந்திருந்த மாமாவைப் பார்த்து.

நான் அந்த இடத்தை மறக்கவில்லை. என் மேல் அவருக்கு எவ்வளவு பெருமை என்று நான் தெரிந்துகொண்ட ஒரே தருணம் அது. அதனால்தான் இன்றுவரை இதை யாரிடமும் குற்றமாகச் சொல்ல முடியாமல் இருந்தது.

சந்தனத்தை அவரே கல்லில் இழைப்பார், விழுதாக, கெட்டியாக. ஸ்கூட்டருக்கு ஹெட்லைட்டில் ஒரு பொட்டு. தையல் மெஷினுக்குச் சக்கரத்தில். என் வண்டியைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு மூஞ்சி எது?"

"முன்பக்கந்தானுங்கப்பா. ஆனா அங்க வேண்டாம், அது சென்சாரு."

"அட, மூஞ்சிலதானே பொட்டு வெக்கோணும்."

"பூஜை நேரத்துல வேண்டாம்கற வார்த்தைய வாயில எடுக்காதடி" என்றாள் அம்மா.

இரண்டு சென்சாரிலும் கட்டைவிரலால் தாராளமாக அப்பினார். மேலே குங்குமம். சட்டென்று அந்தப் பெட்டிக்குக் கண் வந்ததுபோல இருந்தது. எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அப்புறம் ஸ்கூட்டர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். என் வண்டிக்காக அப்பா பையில் தேடி, இருப்பதிலேயே குட்டிப் பழமாக எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் வைத்துக் கையால் தள்ளினார். பழம் நசுங்கவில்லை, உருண்டு போய்விட்டது. "உங்க மெஷினுக்கு வெயிட்டு பத்தல" என்றார் மாமா.

மறுநாள் விஜயதசமி. காலையில் பூஜையைக் கலைத்து அம்மா எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தாள். தெருவில் எல்லோரும் ஜம்பூ சவாரி யானைகளைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் நடுக்கூடத்தில் வண்டியை வைத்து ஸ்விட்சைத் தட்டினேன்.

இரண்டு சிவப்பு விளக்கும் ஒன்றாக எரிந்தன. எதிரே ஒன்றுமே இல்லை. வண்டி பின்னால் போனது. சுவரில் இடித்துக்கொண்டு அப்படியே நின்று சக்கரத்தைச் சுற்றியது. எடுத்துத் திருப்பி வைத்தேன். மறுபடியும் பின்னால். கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

"எதப் பாத்து இப்படி பயப்படுது?" என்று அம்மா சிரித்தாள்.

மாமா சுருமுரிப் பொரிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டியைக் கையில்கூட எடுக்கவில்லை. "சென்சார் அவுட்டு" என்றார். "நீ சால்டரிங் அயனை ரொம்ப நேரம் வெச்சு அழுத்தியிருப்பே, வெந்து போயிருக்கும். பொம்பளப் புள்ளைங்களுக்கு அந்தக் கை வராது பாப்பா. பெங்களூர்ல வேற வாங்கித்தான் மாத்தோணும். அடுத்த தடவ பாக்கலாம்."

அடுத்த தடவை என்பது கண்காட்சி முடிந்த பிறகு. முந்தாநாள் வரை ஓடிய வண்டி, யாரும் அயனைத் தொடாத ஒரு நாளில், தானாக எப்படி வேகும்? இதை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் மேல் சந்தேகப்படுவதற்கு எனக்கு எப்போதும் யாருடைய உதவியும் வேண்டியிருந்ததில்லை. உண்மையாகவே நான்தான் வேகவைத்துவிட்டேன் என்று நம்பி, அன்று ஊர்வலத்தில் யானையைப் பார்க்காமல் அழுதேன்.

மறுநாள் அழுகை தீர்ந்ததும் ஜெராக்ஸ் தாளை மறுபடி எடுத்தேன். புது பேட்டரி போட்டேன், அதேதான். இடப் பக்கத்து ஒயரையும் வலப் பக்கத்து ஒயரையும் மாற்றிப் பார்த்தேன், அதேதான். உணர்திறனைக் கூட்டிக் குறைக்க ஒரு குட்டித் திருகு இருக்கும். அதைத் திருப்பினால் விளக்கு அணைந்தது. ஆனால் அப்புறம் கையைக் கிட்டே கொண்டுபோனாலும் எரியவில்லை. அடுத்து வெயிலைச் சந்தேகப்பட்டேன். வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது, ஜன்னல் வழியாக வந்து சென்சாரைக் குழப்பலாம் என்று மிஸ் சொல்லியிருந்தார். அதற்கு இருட்டு வேண்டும். சாமான் அறையில் ஜன்னல் கிடையாது.

இன்னொன்றும் மிஸ் சொல்லியிருந்தார். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி கேமரா போனில் தெரியும். தெளிவான குமிழ் எரிகிறதா, செத்துவிட்டதா என்று பார்க்க அதுதான் வழி.

மாமா குளிக்கப் போயிருந்தார். போன் மேஜை மேல் இருந்தது. எடுத்துக்கொண்டு, வண்டியோடு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

அந்த இருட்டில் பார்த்ததை எப்படிச் சொல்வது? வெறும் கண்ணுக்கு ஒன்றுமில்லை. போன் திரையில் இரண்டு தெளிவான குமிழ்களும் ஊதா நிறத்தில், கத்தரிப்பூ நிறத்தில், எரிந்துகொண்டிருந்தன. உயிரோடு இருந்தன. நான் எதையும் வேகவைக்கவில்லை. மண்ணெண்ணெய் டின்னுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, மாமாவின் போனில் படம் எடுத்துத் தள்ளினேன்.

கதவை யாரோ இடித்தார்கள்.

"உள்ள என்ன பண்றே? கதவத் தொற!" அம்மா. அப்புறம் மாமா, தலை ஈரத்தோடு. "எம் போன எங்க?"

திறந்தேன். வேர்த்திருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்த விதம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். விளக்க வேண்டாம்.

"யாருக்குடி மெசேஜ் பண்றே? கதவச் சாத்திக்கிட்டு, லைட்ட அணச்சுக்கிட்டு?"

"சென்சாரப் பாத்தேம்மா."

"சென்சாரப் பாக்க போன் எதுக்கு? லைட்ட எதுக்கு அணக்கோணும்? எனக்கொண்ணும் கொத்தில்ல, தெரியாதுன்னு நெனச்சியா?"

மாமா போனைப் பிடுங்கி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். மெசேஜ் இல்லை. கால் இல்லை. படங்கள் மட்டும் இருந்தன, கருப்பில் ஊதாப் புள்ளிகளாக. வரிசையாக அழுத்திக்கொண்டே போனார். அம்மாவும் எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன கலரு?"

"அதுதான் மாமா அகச்சிவப்பு. எல்.இ.டி. நல்லா இருக்குது. சென்சார் போகல."

இன்ஜினியரிங் படித்த மாமா திரையைச் சட்டையில் துடைத்தார். "கேமரா லென்ஸ்ல ஏதோ பட்டிருக்குது" என்றார். "எம் போனக் கெடுத்துட்டா."

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அன்று முதல் சாமான் அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை, அவ்வளவுதான். மாமாவே கழற்றினார், அப்பாவின் ஸ்பேனர் செட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து. அந்த ஒரு வேலையை மட்டும் உடனே செய்தார்.

கதவு திறந்த அறையில் உட்கார்ந்து யோசித்தேன். ஒளி வீசும் குமிழ் நன்றாக இருக்கிறது. அதன் ஒயரை மட்டும் கழற்றிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது. மாட்டினேன், எரிந்தது. அப்படியானால் வாங்கும் குமிழும் நன்றாகத்தான் இருக்கிறது. அது பொய் சொல்லவில்லை. உண்மையாகவே ஒளி அதற்குள் வருகிறது. எதிரே சுவர் இல்லாமல் ஒளி எங்கே பட்டுத் திரும்புகிறது?

வண்டியைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தேன். இரண்டு குமிழ்களுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி உண்டு. அம்மாவின் ஈரத்துணி மேலே மட்டும் துடைத்திருந்தது. இடுக்கில் சந்தனம் காய்ந்து, சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இறுகியிருந்தது. ஒரு குமிழிலிருந்து கிளம்பும் ஒளி அந்தப் பூச்சில் பட்டு நேரே பக்கத்துக் குமிழுக்குள் போய்க்கொண்டிருந்தது. வண்டி தன் மூக்கு மேல் இருந்ததைச் சுவர் என்று நினைத்துப் பின்வாங்கியிருக்கிறது.

குண்டூசியால் சுரண்டினேன். காது குடையும் பஞ்சுக் குச்சியில் மாமாவின் ஷேவிங் லோஷனைத் தொட்டுத் துடைத்தேன். கூடத்தில் விட்டேன். ஓடியது. அரிசி டப்பாவுக்கு முன்னால் நின்று, திரும்பி, கட்டில் காலைச் சுற்றி, கீச்கீச்சென்று ஓடியது. அந்தச் சந்தோஷத்தில்தான் எனக்குப் புத்தி போயிற்று. அப்பா படியேறி வரும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்பா! கண்டுபிடிச்சுட்டேன்! சந்தனந்தானுங்கப்பா! சந்தனம் வெச்சதாலதான் கெட்டுப்போச்சு!"

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு செருப்போடு நின்றார்.

"என்ன சொன்னே?"

நான் விளக்கத் தொடங்கினேன். ஒளி, இடுக்கு, பூச்சு. அவர் கேட்கவே இல்லை.

"சாமிக்கு முன்னால வெச்ச சந்தனத்தால கெட்டுப்போச்சுங்கறியா? நான் வேலைக்குச் சேந்த நாள்லருந்து லேத்துக்குச் சந்தனம் வெக்கறேன். ஒரு நாள் நின்னிருக்குதா?"

"லேத்துக்குக் கண்ணு இல்லீங்கப்பா" என்றேன்.

அது திமிரான பதில் இல்லை. யோசித்துப் பாருங்கள். அது சரியான பதில். அதைவிடச் சுருக்கமாக இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். அப்பா கத்தவில்லை. இன்னொரு செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் என்னோடு பேசவில்லை என்பதுதான் எனக்கு அடியைவிடப் பெரிதாக இருந்தது. இரவுச் சோற்றுக்கு முன்னால் அம்மா என்னைச் சாமி அலமாரி முன் நிறுத்தினாள்.

"காதப் புடி. தப்பாச் சொல்லிட்டேன், இனிமே சந்தனத்தக் குத்தஞ் சொல்ல மாட்டேன்னு சொல்லி தோப்புக்கரணம் போடு. உங்கப்பன் எவ்வளவு ஆசையா வெச்சாரு."

போட்டேன். கற்பூரத்தின் மேல் சத்தியமும் செய்தேன். ஆசையாக வைத்தார் என்பது உண்மைதானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒருவர் ஆசையாகச் செய்ததால் ஒன்று சரியாகிவிடாது என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் நிறைய வருஷம் ஆயிற்று.

கண்காட்சியன்று காலை நான் தலை வாரிக்கொண்டு வந்து பார்த்தால், அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்து சந்தனம் இழைத்துக்கொண்டிருந்தார். எனக்காக அரை நாள் லீவு போட்டிருந்தார். என் வாய்த்துடுக்குக்குப் பரிகாரம், என் வண்டிக்குப் பாதுகாப்பு. அதே இரண்டு இடங்களில், முன்னைவிடக் கெட்டியாக வைத்தார்.

அடுக்களைக்குள் போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்தேன். "ஓடாதும்மா. நெஜமா ஓடாது."

"வெச்சது வெச்சபடி இருக்கட்டும். சத்தியம் பண்ணியிருக்கறே, ஞாபகம் வெச்சுக்க."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, வண்டியை மடியில் வைத்திருந்தேன். பாவாடைப் பையில் கைக்குட்டை இருந்தது. வழியெல்லாம் அதை விரலால் உருட்டிக்கொண்டே வந்தேன். நிமிர்ந்தபோதெல்லாம் ஸ்கூட்டர் கண்ணாடியில் அப்பாவின் கண் என்னைப் பார்த்துச் சிரித்தது. காற்றில் சந்தனம் காய்ந்து வெளுத்துக்கொண்டே வந்தது.

பள்ளி ஹாலில் நீள மேஜைகள். நடுவராக ஒரு கல்லூரியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். என் முறை வந்தபோது அப்பா எனக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். தலைமையாசிரியை, மிஸ், எல்லோரும் இருந்தார்கள். நான் கைக்குட்டையை வெளியே எடுத்தேன். அப்பா குனிந்து பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்ப வைத்துவிட்டேன்.

ஸ்விட்சைத் தட்டினேன். இரண்டு சிவப்பு விளக்கு. வண்டி நடுவரைப் பார்த்தபடியே, மரியாதையாக விடைபெறுவது போல, நேராகப் பின்னால் போய் மேஜை விளிம்பிலிருந்து விழுந்தது. சோப்புப் பெட்டி பிளந்தது. நீல மணி மட்டும் உருண்டு உருண்டு மேடைக்கு அடியில் போனது. அந்தக் கீச்சொலியைக் கடைசியாக அப்போதுதான் கேட்டேன்.

"யாரு மாடித்து இதன்ன?" என்று கேட்டார் நடுவர். இதை யார் செய்தது?

"நானே சார்."

அவர் அப்பாவைப் பார்த்தார். அடுத்த முறை பெரியவர்கள் யாராவது ஒரு தடவை சரிபார்த்து அனுப்புங்கள் என்று அவரிடம் கன்னடத்தில் சொன்னார். அப்பா பணிவாகத் தலையாட்டினார். மிஸ் மட்டும் என் பக்கத்தில் குனிந்து, "என்னாச்சு? லீவுக்கு முன்னாடி ஓடிச்சே?" என்று கேட்டார். பதில் வாய் வரை வந்தது. பக்கத்தில் அப்பா. கற்பூரம்.

"சென்சார் போயிடுச்சு மிஸ்."

பெங்களூருக்கு ஒரு எரிமலை போனது. களிமண்ணும் சோடா உப்பும். நுரை தள்ளியது. அவ்வளவுதான் செய்தது.

திரும்பும் வழியில் அப்பா ஸ்கூட்டரை நிறுத்திக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார். தலையைத் தடவினார். "விடு கண்ணு. வாயில வந்தது பலிச்சிருச்சு. சாமியப் பழிச்சா அப்படித்தான்" என்றார். அன்பாகச் சொன்னார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை, இன்றைக்கும் பொறுக்கவில்லை. பிளந்த சோப்புப் பெட்டியும் ஜாம் மூடிகளும் அடுத்த போகிக்குப் பழைய சாமான்காரரோடு போயின.

பியூசியில் காமர்ஸ் எடுத்தேன். பி.காம். முடித்தேன். நன்றாகவே படித்தேன். கெட்டுப்போய்விடவில்லை. நான் சயின்ஸ் எடுத்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். அதைச் சொல்லி அழ இதை எழுதவில்லை.

இப்போது என் மகள் நான்காம் வகுப்பு. உங்களுக்குத் தெரியும், அவளும் ஒரு குட்டி ரோபோ வைத்திருக்கிறாள். போன மாதம் அது ஒரு பக்கமாகவே சுற்றியபோது, அறை விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, என் போனில் அந்த ஊதா வெளிச்சத்தை அவளுக்குக் காட்டினேன். ஒரு பக்கம் எரியவில்லை, ஒயர் விட்டிருந்தது. "அம்மா, ஹௌதா, நெஜமாவா? இது எப்பவும் இங்கயே இருந்துச்சா?" என்றாள்.

இந்த ஆயுத பூஜைக்கு அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா ஓய்வு பெற்று வெகு நாளாயிற்று. கை நடுங்குகிறது. ஆனால் சந்தனம் அவர்தான் இழைப்பார். என் கணவரின் காருக்கு வைத்தார், மிக்ஸிக்கு வைத்தார். பிறகு கிண்ணத்தோடு ரோபோவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கட்டைவிரல் நேரே அந்த இரண்டு குமிழ்களை நோக்கிப் போனது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. சத்தியம் செய்தவள் அல்லவா நான்.

"தாத்தா, பேடா, வேண்டாம்!" என்று கத்தினாள் என் மகள். "கண்ணுல வெக்காத! அது பாக்கறதே அதுலதான்!"

அப்பாவின் விரல் நின்றது. "அப்படியா அம்மிணி? அப்ப எங்க வெக்கட்டும்?"

"முதுகுல வெய்யி."

"சரிங்க அம்மிணி."

முதுகில் வைத்தார். அவ்வளவுதான். அலமாரி இல்லை, கற்பூரம் இல்லை. குட்டி எலுமிச்சம்பழம் ஒன்றைத் தேடி எடுத்து அதற்கு முன்னால் வைத்தார். மறுநாள் காலை ரோபோ பழத்தைப் பார்த்து ஒதுங்கி, கூடமெல்லாம் ஓடியது. அப்பா கைதட்டினார்.

காபியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்த பிறகு கேட்டேன்.

"அப்பா, நான் ஒம்பதாவதுல செஞ்ச வண்டி ஞாபகம் இருக்குதுங்களா? மேஜையிலருந்து விழுந்துச்சே? அது ஓடாமப் போனது கண்ணுல சந்தனம் இருந்ததாலதானுங்கப்பா."

அப்பா ரோபோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"அடடா" என்றார். "அத அப்பவே சொல்லியிருக்கலாமில்ல? சொல்லியிருந்தா நான் கேக்காமயா போயிருப்பேன்?"

காபியைக் குடித்தார்.

"அவ எப்பவுமே அப்படித்தான்" என்றாள் அம்மா அடுக்களையிலிருந்து. "மனசுல இருக்கறத வாயத் தொறந்து சொல்லவே மாட்டா."

அப்பா கேட்ட இந்த வார்த்தைக்குத்தான் எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. பூஜையில் வைத்தே வேண்டாம் என்றேன். படிக்கட்டில் ஓடி வந்து சொன்னேன். அடுக்களையில் அம்மாவிடம் கெஞ்சிச் சொன்னேன்.

"சொன்னேனுங்கப்பா" என்றேன். "லேத்துக்குக் கண்ணு இல்லைன்னுகூடச் சொன்னேன்."

அப்பா ஒரு கணம் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். காபி தளும்பியது. மகளைக் கூப்பிட்டார். "கேட்டியா அம்மிணி, உங்கம்மா சொல்றத? லேத்துக்குக் கண்ணு இல்லையாமா! எவ்வளவு சரியாச் சொல்றா பாரு!" அம்மாவும் வந்து சிரித்தாள், என் கணவரும் சிரித்தார். ஒன்றும் புரியாவிட்டாலும் என் மகளும் சிரித்தாள்.

அந்த வார்த்தைக்குத்தான் நான் அன்று காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டேன்.